வேலிக்கு அந்தப் பக்கத்து அடுப்பு

அந்த வருஷம் பங்குனி பிறப்பதற்கு முன்பே எங்கள் கிணற்று வாளி சேற்றோடு மேலே வந்தது. விடிகாலையில் இறைத்தால் இரண்டு குடம் கிடைக்கும். அதையும் பழைய வேட்டித்துணியில் வடிகட்டி, படிகாரக் கட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, தெளியும்வரை காத்திருக்க வேண்டும். அதில் வடித்த சோறு பழுப்பாக இருக்கும். வாயில் வைத்தால் லேசாகத் துரு வாடை அடிக்கும்.

நான் சிவகங்கைப் பக்கம் பிறந்தவள். கண்மாய் வற்றுவதைப் பார்த்தே வளர்ந்தவள். அந்தமான் மாப்பிள்ளை என்றதும் என் அம்மா விசாரித்த முதல் விஷயம் தண்ணீர்தான். வருஷத்தில் எட்டு மாசம் மழை பெய்கிற ஊர் என்று தரகர் சொன்னதும் அம்மாவுக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. மீதி நாலு மாசத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. புரோத்ராபூரில் எங்கள் வீடு சரிவின் மேல்பக்கம் இருக்கிறது. பெய்கிற மழையெல்லாம் எங்களைத் தாண்டிக் கீழே ஓடிவிடும். குழாய் லைனிலும் நாங்கள்தான் கடைசி வீடு. கோடையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

என் கணவருக்குப் போர்ட் பிளேயரில் அரசாங்க வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டுகிற நேரத்தில்தான் வீடு திரும்புவார். வீட்டையொட்டிய காய்கறித் தோட்டம் என் பொறுப்பு. வெண்டை, பாகல், வெள்ளரி, கொத்தவரை போடுவோம். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். அதனால் வீட்டில் இரண்டே பேர். இரண்டு பேருக்குச் சமைக்க எவ்வளவு தண்ணீர் ஆகிவிடும் என்று கேட்கலாம். அரிசியின் முதல் கழுநீர் வெள்ளரிக்குப் போகும். இரண்டாம் கழுநீரில் புளி கரைப்பேன். சாப்பிட்டால் தட்டு கழுவ வேண்டுமே என்று வாழை இலை அறுத்தேன். பாத்திரங்களைச் சாம்பல் தொட்டுத் தேங்காய் நாரால் துடைத்தெடுத்தேன். இரண்டு அடுப்பு இருந்தும் ஒற்றைப் பானையில் ஆகிற சமையலாகவே பார்த்துச் செய்தேன்.

ஒருநாள் இளநீரில் சோறு பொங்கிப் பார்த்தேன். மரத்தில் குலைகுலையாய்க் காய் தொங்கும்போது தண்ணீருக்கு ஏன் அலைய வேண்டும் என்ற எண்ணம். இவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "பாயசத்துக்குக் குழம்பு ஊத்திச் சாப்பிடச் சொல்றியா?" என்றார். அதோடு அந்தச் சோதனையை விட்டுவிட்டேன்.

வெயில் எங்களுக்கு வேண்டாதது என்றும் சொல்ல முடியாது. இங்கே வற்றல் போட வேறு மாசம் கிடையாது. மோர்மிளகாய், கொத்தவரை, மாங்காய்க் கீற்று எல்லாவற்றையும் இந்த வெயிலில் காய வைத்துக்கொண்டால்தான் உண்டு. மழை பிடித்துவிட்டால் ஊறுகாய் ஜாடியின் மூடியில்கூடப் பூஞ்சை ஏறும். ஒருபக்கம் வெயிலை நம்பிப் பாயில் வற்றல் பரப்பிக்கொண்டும், இன்னொரு பக்கம் அதே வெயிலில் சுருண்டுபோகிற வெண்டைச்செடியைப் பார்த்துக்கொண்டும் என் நாட்கள் போயின.

சரிவின் கீழ்ப்பக்கத்தில், மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு வங்காளிக் குடும்பம். அவர்களுக்கு விவசாயம்தான் தொழில். பிள்ளைகள் கல்யாணமாகி மாயாபந்தர் பக்கம் போய்விட்டதால் அங்கேயும் இரண்டே பேர். அந்த அம்மாவை நான் பௌதி என்று கூப்பிடுவேன். அவர்கள் பாஷையில் அண்ணி. அவர் என்னை தீதி, அதாவது அக்கா, என்பார். அவருடைய கணவரை ஊரே தாதா என்றுதான் அழைக்கும். அண்ணன் என்று அர்த்தம். எங்களுக்குள் பேச்செல்லாம் தீவு இந்தியில்தான். அதைத் தமிழில் மாற்றித்தான் இங்கே எழுத முடிகிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் தாதா வேலியை ஒட்டி ஒரு குளம் வெட்டினார். மீன் விட்டார். குளத்துக்குப் பக்கத்திலேயே குடிப்பதற்கு ஓர் உறைகிணறும் இறக்கினார். அதற்கு அடுத்த கோடையில் எங்கள் கிணறு சீக்கிரம் வற்றியது. "நம்ம கிணத்தைத்தான் அவன் குளம் குடிக்குது" என்று இவர் முடிவு கட்டிவிட்டார். வேலியோரம் நின்று இரண்டு பேரும் சத்தம் போட்டார்கள். அன்றிலிருந்து ஆண்களுக்குள் பேச்சில்லை. நானும் பௌதியும் கண்ணில் பட்டால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

பங்குனி நடுவில் ஒரு காலை நான் வற்றலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வேலியோரம் பௌதி வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"தீதி, உங்க கிணத்துல பானி இருக்கா?"

"சேறுதான் இருக்கு பௌதி."

"எங்ககிட்ட இருக்கு. வந்து எடுத்துக்கோ. ஆனா எனக்கு நீ ஒண்ணு செய்யணும்."

தாதாவுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். எண்ணெய் கூடாது, பொரித்தது கூடாது, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும். பௌதிக்குக் கடுகெண்ணெய் இல்லாமல் சமைக்க வரவில்லை. அவித்த பப்பாளிக்காயும் வெறும் சோறுமாகக் கொடுத்தால் அவர் தட்டைத் தள்ளிவிடுகிறார். தோட்டம், மாடு, தண்ணீர் இறைப்பு எல்லாம் ஒற்றை ஆளாகப் பார்த்துவிட்டு அடுப்படியில் அழ முடியவில்லை என்றார்.

"உங்க ஆளுங்க எண்ணெய் இல்லாம என்னவோ தண்ணியாட்டம் வைப்பீங்களே, புளிப்பா, அத வச்சுக் குடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரசத்தைத்தான் சொல்கிறார்.

கோடையில் அவர்கள் வீட்டுக்குள் சமைப்பதில்லை. குளத்தங்கரை மாமரத்தடியில் மண்ணால் பூசிய அடுப்பு இருந்தது. அன்றே வேலியின் கீழ்மூலையில் இருந்த இடைவெளி வழியாகப் போய் அதைப் பற்றவைத்தேன். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துப் பீர்க்கங்காய் போட்டேன். கஞ்சியும் தேங்காய் சேர்க்காத புதினாத் துவையலும் வைத்தேன். தாதா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். கண் வெள்ளையெல்லாம் மஞ்சள். ஒரு வாய் வைத்துவிட்டு, "இங்கேயும் ஆஸ்பத்திரி தொறந்தாச்சா?" என்று கேட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பௌதி என்னைப் பார்த்த பார்வையில் 'இப்போ தெரியுதா?' என்று இருந்தது.

மறுநாள் வேறு மாதிரி முயன்றேன். கழுநீரில் மாங்காயை வேகவைத்துக் கரைத்து, மிளகு சீரகம் தட்டிப்போட்டு ரசம் கூட்டினேன். தாளிக்க எண்ணெய் கிடையாது. இரும்புக் கரண்டியில் வெறும் கடுகை வறுத்தேன். அது வெடித்து அடங்கியதும் அம்மியில் நுணுக்கி, கொதி வருகிற நேரத்தில் மேலே தூவினேன். கட்டிலிலிருந்து தலை நிமிர்ந்தது.

"கடுகு வாசனை வருதே. எண்ணெய் ஊத்தினியா?"

"ஒரு சொட்டு இல்ல தாதா. வெறும் கடுகுதான்."

"பொய் சொல்லாத."

பௌதி கரண்டியைக் கொண்டுபோய்க் காட்டினார். அன்று தாதா சோற்றைப் பிசைந்து முழுதும் சாப்பிட்டார். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார். பௌதி மாட்டைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டையும் அங்கேயே செய்து தூக்கில் எடுத்து வந்தேன். முதல் நாள் இவருக்கு நேரமாகிவிட்டதால் ஆபீஸ் நண்பர் வீட்டிலேயே சாப்பிட்டு வந்தார். இரண்டாம் நாள் இலையில் சோற்றைப் போட்டதும் கை நீட்டாமல் பார்த்தார்.

"சோறு வெள்ளையா இருக்கு?"

"ஆமாங்க."

"எந்தத் தண்ணி?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "அந்த மனுசனுக்கு ஒடம்பு சரியில்லன்னா நீ செய்யி. நான் வேண்டாங்கல. ஆனா நம்ம கிணத்துலேருந்து போன தண்ணிய அவங்கிட்டயே போய்க் கையேந்தி வாங்கி என்னால சாப்பிட முடியாது" என்றார்.

அடுத்த நாளிலிருந்து காலையும் ராத்திரியும் வெளியிலேயே முடித்துக்கொண்டார். வரும் வழியில் டாலிகஞ்ச்சில் இறங்கிப் பரோட்டா. கோபமாகப் பேசவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. "சாப்பிட்டாச்சு" என்று ஒரு வார்த்தை. நான் தூக்கைத் திறந்து தனியாகச் சாப்பிடுவேன். அந்த நாட்களில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. யார் கிணறு, யார் குளம் என்று என் மனசிலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபின் அது ஓடவில்லை. உப்பு போதுமா, பருப்பு வெந்ததா, அவர் இன்று எவ்வளவு சாப்பிடுவார் என்பது மட்டும்தான் ஓடியது. இவருக்கு அப்படி ஓர் அடுப்பு கிடைக்கவில்லை. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவருக்கு அந்த வழக்கு அப்படியே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாதா கம்பை ஊன்றிக்கொண்டு வேலிவரை ஏறி வந்தார். கட்டிலை விட்டு அவ்வளவு தூரம் நடந்தது அன்றுதான். இவர் வெண்டைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சுனோ, இங்க கேளு," என்றார் தாதா, மூச்சு வாங்க. "நீ பரோட்டா தின்னு வயித்தக் கெடுத்துக்கறன்னு என் பொண்டாட்டி சொல்றா."

இவர் நிமிரவில்லை.

"என் தண்ணி உனக்கு வேண்டாம்னா குடிக்காத. அது உன் இஷ்டம். ஆனா இந்த ரோஷத்துல உன் வீட்டம்மாவ வராதேன்னு மட்டும் சொல்லிடாத. நான் மறுபடியும் அந்தப் பப்பாளிக்காய்க்குப் போக முடியாது."

இவர் சிரிக்கக் கூடாது என்று முயன்றது எனக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்தார். முடியவில்லை. தாதாவும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, கம்பு நழுவியது. இவர்தான் வேலியைத் தாண்டிப் போய்ப் பிடித்துக் கட்டிலில் கொண்டுபோய் விட்டார். திரும்பி வரும்போது பௌதி இரண்டு கையிலும் குடத்தோடு கத்தரிப் பாத்திக்கு நடந்துகொண்டிருந்தார். இவர் ஒரு குடத்தை வாங்கிக்கொண்டார். அன்று மாலை இரண்டு தோட்டத்துக்கும் அந்தக் குளத்திலிருந்தே தண்ணீர் போயிற்று. இவர் ராத்திரி வீட்டில் சாப்பிட்டார்.

பிறகு நாலு பேருக்கும் அந்த மாமரத்தடி அடுப்பில்தான் சமையல். ஒரு பக்கம் தாதாவுக்கான எண்ணெய் இல்லாத சமையல், இன்னொரு பக்கம் பௌதி எங்களுக்கு வைக்கும் மாங்காய்ப் பருப்பு. பழைய சோற்றில் நாங்கள் மோர் விடுவதைப் பார்த்துப் பௌதி முகம் சுளிப்பார். அவர் அதில் கடுகெண்ணெய் விட்டுப் பச்சை வெங்காயத்தோடு பிசைவதைப் பார்க்க எனக்கும் ஒருமாதிரி இருக்கும். கடைசிவரை அவரவர் பழைய சோறு அவரவருக்குத்தான்.

சித்திரையில் குளமும் இறங்கி முழங்கால் அளவுக்கு வந்தது. இனி மீன் தாங்காது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிடித்தார்கள். இவர் லுங்கியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கினார். தாதா கரையில் உட்கார்ந்து, "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்! கண்ணு தெரியலயா?" என்று கத்திக்கொண்டிருந்தார். பொரித்த மீனை நாங்கள் சாப்பிட, அவர் மட்டும் மோர்ச்சோறு. "எல்லாரையும் நல்லா ஞாபகம் வச்சிருக்கேன்" என்றார்.

அன்றே அந்தப் பழைய சண்டையும் ஒருமுறை வந்து போனது. குளம் வற்றியும் எங்கள் கிணற்றில் ஒரு விரல்கூட ஏறவில்லை என்று தாதா சுட்டிக்காட்டினார். இவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "போனது போனதுதான், திரும்பி வருமா?" என்றார். இரண்டு பேரும் கரைக்கு ஒருவராக நின்று நெடுநேரம் வாதாடினார்கள். நானும் பௌதியும் மீன் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் துடைத்து முடிக்கும்வரை அது முடியவில்லை. ஆனால் வாதத்தின் நடுவில் இவர் பீடிக்குத் தீப்பெட்டி கேட்டதும் தாதா எடுத்து வீசினார்.

வைகாசி தொடக்கத்தில் ஒரு மத்தியானம் கடல் பக்கம் கறுத்தது. நான் வற்றல் பாய்களைச் சுருட்ட ஓடினேன். பௌதியும் ஓடிவந்து மாங்காய்க் கீற்றை முந்தானையில் வாரிக்கொண்டார். பாதி நனைந்துவிட்டது. இரண்டு பேரும் எங்கள் வாசலில் நின்று, தலையில் தண்ணீர் சொட்ட, மழையைப் பார்த்தோம். "மண் அடுப்பு கரைஞ்சுடும்" என்றார் பௌதி. கரைந்துதான் போனது. அதற்குப் பிறகு அவரவர் வீட்டுக்குள் சமையல்.

முதல் சில நாட்கள் என் கை நாலு பேருக்கே அரிசி அளந்தது. மீந்த சோறு மழைக்குளிரில் யாருக்கும் இறங்காமல் பௌதியின் மாட்டுக்குப் போயிற்று. தாதாவுக்கு உடம்பு தேறி, ஆடி வாக்கில் டாக்டர் எல்லாம் சாப்பிடலாம் என்றார். அன்று அவர்கள் வீட்டிலிருந்து கடுகெண்ணெய் புகையும் வாசனை சரிவேறி எங்கள் சமையலறைக்குள் வந்தது. நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. இனி என் ரசத்துக்கு அங்கே வேலையில்லை என்று தோன்றியதை யாரிடம் சொல்வது?

மழைக்காலத்தில் சரிவு வழுக்கும். வேலியின் கீழ்மூலைப் பாதை தண்ணீர் ஓடும் வாய்க்காலாகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டாலே அதிகம். ஆண்கள் பெரிய நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் கப்பல் வந்ததா, மழை எப்படி என்று கேட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் இல்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை.

கார்த்திகையில் மழை சற்று ஓய்ந்ததும் நான் வெண்டை விதை ஊன்றினேன். கீழே பௌதி கத்தரி நாற்றுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, "எந்த விதை தீதி?" என்று கேட்டார். சொன்னேன். தனக்கும் ஒரு பிடி வேண்டும் என்றார். தாளில் மடித்துக்கொண்டு இறங்கினேன்.