துண்டைக் கடித்துக்கொண்டு ஓடினேன்

சைக்கிள் என்றால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு வேலைக்குப் போக நான் பஸ் ஏறியதே இல்லை. பதினெட்டு வருடமாக மிதித்துத்தான் போய் வருகிறேன். எதிர்க்காற்று அடித்தால் இன்னும் ஜோராக மிதிப்பேன். அந்தத் திமிரில்தான் ஒரு மார்கழிக் காலையில், நண்டு ஏலம் நடக்கிற இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

காணும் பொங்கலன்று எங்கள் ஊரில் ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். லைட் அவுஸில் தொடங்கி, ஏரிப் பாலம் ஏறி இறங்கி, டச்சுக் கல்லறை வாசலில் முடியும். அது ஒரு தூரமா, நிற்காமல் ஓடிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் என் மனைவியின் தம்பி நின்றிருந்தான். படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன், பைக்கை விட்டு இறங்காத ஆள்.

"நடந்தவன் கையில சைக்கிள் இருக்கக்கூடாது மாமா. ஒத்துக்கிறியா?"

ஒத்துக்கொண்டேன். பந்தயத்தில் ஓர் அடி நடந்தாலும் என் சைக்கிள் அவனுக்கு. அதில் நண்டுக்கூடை கட்டி ஓட்டப்போவதாக அவன் அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லிவிட்டான். கியர் வைத்த என் சைக்கிளில் நண்டுக்கூடை. நினைக்கவே வயிறு எரிந்தது.

மறுநாள் விடிந்ததும் ஓடிப் பார்த்தேன். தெரு முனை தாண்டுவதற்குள் நெஞ்சு அடைத்தது. சைக்கிளில் களைத்தால் மிதிப்பதை நிறுத்தலாம், வண்டி பாட்டுக்கு உருளும். ஓட்டத்தில் காலை நிறுத்தினால் ஆளே நின்றுவிடுகிறான். இது தெரிய எனக்கு நாற்பத்து மூன்று வயது ஆகியிருக்கிறது.

என் மனைவி ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் நகர்வாள். நான் வாசலில் குனிந்து மூச்சு வாங்குவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு.

"வாயால மூச்சு வுட்டா எப்டி தாங்கும்? நாங்க பறியைக் கடிச்சிக்கினு மதியம் வரைக்கும் சேத்துல நடக்கல? மூக்கு போதும்னு சொல்ற வேகத்துல போயா."

அவளிடம் போய்க் கேட்பதா என்று முதலில் கோபம்தான் வந்தது. ஆனாலும் அடுத்த நாள் துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினேன். ஆமை வேகம். பார்த்தவர்கள் எல்லாம் பல்வலியா என்று கேட்டார்கள். ஒரே வாரத்தில் பாலத்தடி வரைக்கும் நிற்காமல் போனேன்.

பந்தய நாளில், நான் நடக்கிறேனா என்று பார்க்க மைத்துனன் என் சைக்கிளிலேயே கூட வந்தான். பாதி தூரம் சுகமாகப் போயிற்று. பாலத்தைப் பார்த்ததும் புத்தி கெட்டுவிட்டது. எங்கள் ஊரில் மேடு என்று இருப்பது அது ஒன்றுதான். ஏறும்போது உயிரைக் கொடுத்து மிதித்தால், இறங்கும்போது காற்று வாங்கிக்கொண்டே போகலாம். இத்தனை வருடப் பழக்கம். துண்டைத் துப்பிவிட்டு உச்சி வரை பாய்ந்து ஏறினேன். மறுபக்கச் சரிவு எனக்கு எதுவும் செய்து தரவில்லை. ஒவ்வோர் அடியும் முட்டியில் இடித்தது. கண் இருட்டியது.

"நடந்துடு மாமா, ஒடம்பு முக்கியம்" என்று மணியடித்தான் மைத்துனன்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி கடித்தேன். மூக்கு போதும் என்கிற வேகம் வரும்வரை குறைத்தேன், குறைத்தேன், ஆனால் நடக்கவில்லை. அந்த வேகத்துக்கு அவனால் சைக்கிளை நிதானமாக ஓட்ட முடியவில்லை. தள்ளாடினான். மிதிக்காமலே கியரை இப்படியும் அப்படியும் தட்டிவிட்டு ஓங்கி ஒரு மிதி மிதித்தான். செயின் கழன்று விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லறை வாசலில், கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தாள். ஓடி முடித்த எல்லாரும் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் நான்தான். ஆனால் ஓடி வந்தேன். வேலை கிடைத்த அன்றுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அழுதேன், அதில் என்ன வெட்கம்.

கொஞ்ச நேரம் கழித்து மைத்துனன் வந்தான். கையெல்லாம் கறுப்பு கிரீஸ், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தான். என் மனைவி எதிரே போய் ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"நடந்தவன் கையில சைக்கிள் இருக்கக்கூடாதுன்னு நீதானே சொன்ன? குடு."