போன் நம்பரும் ஒரு மொட்டையும்

அன்று காலைதான் ஒரு கல்யாண மண்டபத்தின் இணையதளத்தில் போன் நம்பரை மாற்றியிருந்தேன். மண்டபக்காரர் பழங்காநத்தம் பிரௌசிங் சென்டரிலிருந்து கூப்பிட்டார். "பழைய நம்பர்தான் தெரியுது தம்பி. வந்து சரிபண்ணு, இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கிறேன்."

பஸ் இறங்குவதற்குள் அழகர்கோயிலுக்கு மொட்டை நேர்ந்துவிட்டேன். அப்போது எனக்குத் தோன்றிய ஒரே தொழில்நுட்பம் அதுதான்.

சென்டரில் உட்கார்ந்து, பக்கத்தை எந்தக் கம்ப்யூட்டர், எப்போது அனுப்பியது என்று கூடவே வரும் ஹெடர் குறிப்பைத் திறந்து பார்த்தேன். அனுப்பியது எங்கள் சர்வர் அல்ல, அந்தச் சென்டரின் கம்ப்யூட்டர். தேதியும் நேற்றையது. அப்பாடா என்றிருந்தது.

"லைன் மெதுவாத்தான் வருதுண்ணே. ஒருக்கா வந்த பக்கத்தப் பிடிச்சு வச்சு எல்லாருக்கும் அதையே காட்டிருவேன்" என்றார் சென்டர்காரர்.

"அப்ப தம்பி மேல தப்பில்ல" என்று மண்டபக்காரர் சிரித்தார்.

நான் சென்டர்காரரிடம் திரும்பினேன். "மொட்டைய நீ போட்டுக்க மாப்ள. சாமிக்கு நேந்தாச்சு, யாராவது போட்டாகணும்."