பாம்புக்கோவில் சந்தையில் ஏறுகிறவள்

சங்கரன்கோவில் பக்கத்தில் எந்தப் பெண்ணாவது பட்டாளத்துப் புருஷனோடு குடித்தனம் நடத்த வடக்கே புறப்படுகிறாள் என்றால், வழித்துணைக்குக் கூப்பிடுவது ஆவுடையம்மாளைத்தான். ஆனால் வழியனுப்ப ஸ்டேஷனில் கூடுகிற கூட்டத்தில் மட்டும் அவளைப் பார்க்க முடியாது. அவள் முன்னாலேயே மாட்டுவண்டி பிடித்து, ரயில் வருகிற வழியில் ஒரு ஸ்டேஷன் முன்னால் இருக்கிற பாம்புக்கோவில் சந்தைக்குப் போய், அங்கே ரயிலேறி வருவாள். சங்கரன்கோவிலில் ரயில் நிற்கும்போது பெண்கள் பெட்டியின் மூலையில், முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருப்பாள். அழுகையும் கையசைப்பும் ஓய்ந்து ஊர் மறைந்த பிறகுதான் எழுந்துபோய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்காருவாள்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். ஆவுடையம்மாளின் புருஷன் ஹவில்தார். பர்மாச் சண்டையில் போய்விட்டார். புதுக்குடித்தனம் போகிற பெண்ணுக்கு எதிரே தாலியறுத்தவள் முகம் தெரியக் கூடாது. ஆனால் எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்குப் போய் வண்டி மாறத் தெரிந்த, இந்தி நாலு வார்த்தை பேசத் தெரிந்த பெண்பிள்ளை அவள் ஒருத்திதானே! முகம் வேண்டாம், மூளை மட்டும் வேண்டும், நல்ல நியாயம். பாம்புக்கோவில் சந்தையில் ஏறிக்கொள்கிறேன் என்று முதலில் சொன்னவளே அவள்தான். பிறர் வாயால் கேட்பதைவிட அது கொஞ்சம் குறைவாக வலித்தது.

புருஷன் இருந்தபோது ஜபல்பூர், மீரட் என்று ஊர் ஊராக வீடு மாற்றியவள். போய் இறங்கும்போது குவாட்டர்ஸ் வெறும் சுவரும் தரையுமாக இருக்கும். அடுப்பு மூட்டி, பால் பொங்கி வழிந்தால் போதும், அது அவர்கள் வீடாகிவிடும். பிள்ளைகுட்டி இல்லை. இப்போது கோவிலுக்கு மேற்கே ஒற்றை அறையில் ஒற்றை ஆளுக்கு உலை வைக்கிறாள். கூட்டிக்கொண்டுபோய் விடுகிற பெண்களில் ஒருத்தியாவது தன்னை வீட்டுக்குள் அழைத்து, அந்த முதல் பாலைக் காய்ச்சச் சொல்ல மாட்டாளா என்று அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

பனவடலிசத்திரத்து வள்ளித்தாயை ஜான்சிக்குக் கூட்டிப்போனபோது அந்த ஆசை ரொம்பவே கிளர்ந்துவிட்டது. அந்தப் பெண் மதுரையைக்கூடப் பார்த்ததில்லை. விருதுநகர் தாண்டுவதற்குள் ஆவுடையம்மாளின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

"அங்கன விறகு கிடையாது, கரிதான்" என்று ஆவுடையம்மாள் சொல்லிக்கொடுத்தாள். "அடுப்பை வாசல்ல வச்சுப் பத்தவை. கனல் சிவந்த பொறவு உள்ள எடு. அடுத்து வேற ஊருக்கு மாத்துனாலும் கலங்காத. பெட்டியில அடியில போர்வை, மேல பாத்திரம்."

"பாஷை தெரியாதே அத்தை?"

"நாலு வார்த்தை போதும் மக்கா. மிச்சத்துக்குக் கை இருக்கு. அடுத்த வீட்டுக்காரியும் உன்னை மாதிரி முழிச்சிக்கிட்டு வந்தவதான்."

ஜான்சி ஸ்டேஷனில் வள்ளித்தாயின் புருஷன் செல்லச்சாமி குதிரைவண்டியோடு காத்திருந்தான். பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றியாயிற்று.

"நீங்களும் வாங்க அத்தை. வந்து அடுப்புப் பத்தவச்சுக் குடுத்திட்டுப் போங்க" என்றாள் வள்ளித்தாய்.

"ஆமா, வாங்க" என்றான் செல்லச்சாமி. சொன்னவன் அவள் முகத்தைப் பார்க்காமல் குதிரையைப் பார்த்தான்.

"இல்ல மக்கா, எனக்கு வண்டிக்கு நேரமாச்சு" என்றாள் ஆவுடையம்மாள்.

வண்டி சாயங்காலம்தான். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இந்நேரம் கனல் சிவந்திருக்கும், இந்நேரம் பால் பொங்கியிருக்கும் என்று நினைத்தாள். அழுகை வந்தது. தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஊர்தானே என்று அழுது தீர்த்தாள்.

அந்த வருஷம் முடிவதற்குள் செல்லச்சாமியின் அப்பா சங்கரசுப்பு அவள் வாசலில் வந்து நின்றார். வள்ளித்தாயைக் கூட்டிப்போகச் சொன்னபோது ஆள்தான் அனுப்பியிருந்தார்.

"செல்லச்சாமி காஷ்மீர்ச் சண்டையில போயிட்டாம்மா. தந்தி வந்திருக்கு" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "அந்தப் பிள்ளைய இந்தக் கோலத்துல பாக்க எனக்குத் தெம்பு இல்ல. நீங்கதான் போய்க் கூட்டிட்டு வரணும்."

ஆவுடையம்மாள் சரியென்று தலையை ஆட்டினாள்.

படியிறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "இந்தத் தடவை பாம்புக்கோவில் சந்தைக்கெல்லாம் அலைய வேண்டாம். இங்கனயே ஏறிக்கிடுங்க."

அவள்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சங்கரன்கோவில் ஸ்டேஷனில், எல்லாரும் பார்க்க, ஆவுடையம்மாள் ரயிலேறினாள். வள்ளித்தாயின் சொந்தக்காரர்கள் கட்டுச்சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஜான்சியில் குவாட்டர்ஸ் வாசலில் நின்றிருந்த பெண்கள் அவளைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். எத்தனையோ பெண்களைக் கொண்டுவந்து விட்டவள், இப்போதுதான் முதல் தடவையாக ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைக்கப்போகிறாள். இதற்கா ஆசைப்பட்டோம் என்று அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரமாக வந்தது. வாசலோடு திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. உள்ளே போனாள்.

வள்ளித்தாய் கயிறு போட்டுக் கட்டிய பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் கட்டிட்டேன் அத்தை" என்றாள். "மிச்சக் கரிய அடுத்த வீட்டுக்குக் குடுத்திட்டேன்."

"சரி மக்கா."

வள்ளித்தாய் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தாள். "இத்தனை நாளா நீங்க எப்படி இருந்திய அத்தை?"

ஆவுடையம்மாளிடம் ஊரில் ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை. வழியில் எந்தப் பெண் எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்கிறவள்தான். பழகிப்போகும் என்று சொல்ல வாயெடுத்தாள். இந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"முடியல மக்கா" என்றாள். "எனக்கு இன்னும் முடியல."

வள்ளித்தாய் சற்று நகர்ந்து பெட்டியின்மேல் இடம் விட்டாள். ஆவுடையம்மாள் உட்கார்ந்தாள்.