வைக்கோல் போரில் ஒளித்த போல்ட்

எங்கள் ஏரி உடைத்துக்கொண்டு நெல்லெல்லாம் போனதே, அதற்கு மறுவருஷம்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம். களமருதூர் ரோட்டை மறிக்கப் புளியமரத்தை வெட்டிப் போட்டவர்களில் நானும் ஒருவன். கோடாலியும் கையுமாக என்னைப் பிடித்த போலீஸ்காரர், "கேஸ் ஆனா புள்ளைங்க இன்னா பண்ணும்? ஓடிடுண்ணே" என்று விட்டுவிட்டார்.

மறுநாள் அவரே மழையில் நனைந்துகொண்டு என் வீட்டுக்கே வந்து ஒதுங்கினார். துப்பாக்கியிலிருந்து குண்டு தள்ளும் போல்ட்டைக் கழற்றி, துடைத்து, துணிமேல் வைத்துவிட்டு, என் மனைவி கொடுத்த கூழைக் குடித்தார். உப்பு கம்மி, அதையும் ருசி என்றார். அந்த போல்ட் இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் கட்டை. ஊரில் பெருமையடிக்கலாமென்று, அவர் அசந்த நேரத்தில் அதை எடுத்து வைக்கோல் போரில் சொருகினேன்.

"அண்ணே, வேலையே பூடும்ணே! பாத்தீங்களா?" தரையெல்லாம் தடவினார்.

"நான் இன்னாத்தக் கண்டேன்?" என்றேன்.

மனசு கேட்காமல் மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அதற்குள் அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்களாம். பயத்தில் அதைக் கிணற்றில் போட்டேன்.

பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இடது காதோரம் தழும்பு இருக்கும். அவரையோ அவர் பிள்ளைகளையோ தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்: அவர் தொலைக்கவில்லை, நான்தான் எடுத்தேன்.