எச்சில் படாத பாடம்

என்னால் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. அவள் செய்த தப்பு? நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தது.

இந்தப் பத்தியில் இத்தனை நாளாக உங்கள் பற்களைப் பற்றி எழுதிவந்தேன். ஈறில் ரத்தம் வந்தால் என்ன செய்வது, பிரஷ்ஷை எப்போது மாற்றுவது... பாராட்டிக் கடிதமெல்லாம் போட்டீர்கள். இந்த வாரம் என் கதை. பாராட்ட ஒன்றும் இல்லை.

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். மலையாள ஊரானாலும் இருப்பவர்களில் பாதிப்பேர் அக்ரஹாரத்துக்காரர்கள். பிள்ளைகள் பம்பாயிலும் அமெரிக்காவிலும். ரிட்டயர் ஆன பல் டாக்டர் சும்மாத்தானே இருக்கிறார் என்று கமிட்டி என்னைக் கூப்பிட்டது. அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் — வயதானவர்களின் வாயை எப்படிப் பராமரிப்பது என்று.

பிளாஸ்டர் பல், பெரிய பிரஷ், ஸ்லைடு புரொஜெக்டர் எல்லாம் கொண்டுபோனேன். அழகாகத்தான் பேசினேன். முடிவில் தங்கம் எழுந்தாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி, இங்கே வந்து வெகுகாலம்.

"டாக்டரே, ஒரு சம்சயம். கை வராதவங்களுக்கு நாங்க வாய்க்குள்ள விரல் விட்டுப் பல் செட்டைக் கழட்டலாமா? எச்சில்னு சத்தம் போடுவாங்களே?"

அன்றைக்கு வந்த ஒரே நல்ல கேள்வி அது. பதிலும் எனக்குத் தெரியும். கையுறை போட்டுக்கொள், தினமும் கழற்று, கழுவு, ஈறைத் துடை, ராத்திரி தண்ணீரில் போடு. அவ்வளவுதான். ஆனால் முன்வரிசையில் கமிட்டித் தலைவர் உட்கார்ந்திருந்தார். மடி பார்க்கும் மாமிகளின் வாயில் கண்டவர் விரலா என்று நாளைக்கு ரகளை வந்தால்?

"வாய்க்குள்ள கை போட வேண்டாம்மா. அவாளே கழட்டிப்பா. நீ தண்ணி எடுத்துக் குடுத்தாப் போறும்" என்றேன்.

தலைவர் தலையாட்டினார். தங்கமும் ஆட்டினாள்.

அதே இல்லத்தில்தான் என் மன்னி இருந்தாள். காலமான என் அண்ணாவின் மனைவி. பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது, பேச்சும் பாதி. மேல்வரிசை முழுக்கப் பல் செட். நான் கட்டியதில்லை. "மச்சினன்கிட்டப் போய் வாயைப் பொளக்க மாட்டேன்" என்று அந்த நாளிலேயே வேறு டாக்டரிடம் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் "எரியறதுடா" என்றாள். சமையல்காரர் மலையாளி. மலையாளத்தில் எரிவு என்றால் காரம். "அம்மைக்கு எரிவு பற்றில்லா" — அம்மாவுக்குக் காரம் ஆகாது — என்று சொல்லி மிளகாயை நிறுத்தினார். அப்புறமும் எரிந்தது. மிளகை நிறுத்தினார். அப்புறமும்... சாதம் கஞ்சியாயிற்று. கஞ்சியும் கிண்ணத்தில் மிச்சமாயிற்று.

வாயில் நாற்றம் வேறு. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாயைத் திறந்து பார்த்தே சாப்பிட்ட நான் என்ன செய்தேன்? ஒரு பொட்டலம் கிராம்பு வாங்கிக் கொடுத்தேன். "வாயைத் திறங்கோ மன்னி" என்று சொல்ல எனக்குக் கூச்சம். "சாப்பிடணும் மன்னி, பிடிவாதம் கூடாது" என்று உபதேசம் பண்ண மட்டும் கூச்சமே இல்லை.

காய்ச்சல் வந்து கண் செருகியபோதுதான் செட்டைக் கழற்றினேன். அண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது. அடியில் நான் பார்த்ததை, காலைக் காபியோடு இதைப் படிக்கிறவர்களுக்கு எழுத முடியாது. அந்தப் புண்ணுக்குத்தான் கிராம்பு கொடுத்திருக்கிறேன். மாதக்கணக்கில் யாரும் கழற்றியிருக்கவில்லை.

"யார் இவாளைக் கவனிச்சிண்டா?" என்று கத்தினார் தலைவர்.

மன்னி தங்கத்தின் பொறுப்பில்தான் இருந்தாள்; எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தங்கம் என்னைப் பார்த்தாள். "தொட வேண்டாம்னு டாக்டர்தானே..." என்று இழுத்தாள்.

நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். எல்லா அர்த்தத்திலும்.

மறுநாள் தங்கத்துக்கு அங்கே வேலை இல்லை. மன்னி அதற்கப்புறம் கொஞ்ச காலம் இருந்தாள். செட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பொக்கை வாயோடேயே போய்ச் சேர்ந்தாள்.

காரியங்கள் முடிந்ததும் தலைவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "ஆனது ஆச்சு. இப்போ எதுக்கு டாக்டர் அதைக் கிளறிண்டு?" என்றார். இன்னொரு வகுப்பு எடுக்கிறேன் என்றேன். "பேஷா எடுங்கோ."

இந்தத் தடவை பிளாஸ்டர் பல் கொண்டுபோகவில்லை. அந்தப் பெண்கள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து என் மேல் செட்டைக் கழற்றினேன். ஆமாம் — பல் டாக்டருக்கும் கட்டின பல்தான். வீட்டுக்கு வெளியே யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொருத்தராக வந்து என் வாயில் மாட்டிக் கழற்றச் சொன்னேன்.

"கடிச்சிராதீங்க டாக்டரே!" என்றாள் ஒருத்தி.

"எதை வெச்சுண்டு கடிக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். 'எச்சில்னு பயப்படாதேங்கோ' என்று சொல்லப் பார்த்தேன். எச்சில் என்ற சொல் வரவில்லை. வெறும் காற்றுத்தான் வந்தது. பல் இருக்கும் வரைக்கும்தான் அந்த வார்த்தையெல்லாம்.

இப்போது அங்கே தினமும் கழற்றுகிறார்கள், கழுவுகிறார்கள். எந்த மாமியும் ரகளை பண்ணவில்லை. ஒருத்தர்கூட. யாருக்குப் பயந்தேன் நான்?

போன வாரம் தங்கத்தைத் தேடி ஊரோரத்துக் கழக்கூட்டத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் பையன்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் பாத்திரம் தேய்க்கிறாள். குவிந்துகிடந்த தட்டுகளுக்கு முன்னால் நின்றபடியே சொன்னேன் — தப்பு என்னுடையது, கமிட்டியிலும் சொல்லிவிட்டேன், திரும்பி வா.

"மாமி எப்படி இருக்காங்க?"

சொன்னேன். மன்னி போன கதையைக் கேட்டபடியே கையிலிருந்த தட்டைக் கழுவி வைத்தாள். அப்புறம் அடுத்த தட்டை எடுத்துக்கொண்டாள்.

"நான் வரல்லை டாக்டரே. இங்க எல்லாம் எச்சில் தட்டுதான். தொடலாமா, கூடாதான்னு ஆருகிட்டயும் கேக்க வேண்டாம்."