சித்தி பார்த்த ஓ.டி.

சித்தி எனக்காக ஒரு முறை ஓ.டி., அதாவது ஷிப்டுக்கு மேல் கூடுதல் வேலை, பார்த்திருக்கிறாள். கம்பெனியில் இல்லை. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில், சம்பளம் இல்லாமல், நான் அரையாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த நாட்களில். அதை நான் ஒரே வாரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்வதற்கு முன் மூன்றை விளக்கியாக வேண்டும்: சித்தி, கம்ப்யூட்டர், கரடி.

சித்தி என் அம்மாவின் தங்கை. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்ததும் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். எங்கள் வீடு இருங்காட்டுக்கோட்டையில், தொழிற்பேட்டைக்குப் பின்புறம். அவளுக்கு அப்போது இருபது, இருபத்தொன்று இருக்கும். லைனில் நின்று போனுக்குத் திருகு முடுக்குவது அவள் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் ராத்திரி ஷிப்ட். கம்பெனி பஸ் நெடுஞ்சாலை முனையில் இறக்கிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு பாட்டு பாடி முடிக்கும் தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்தை அவள் தனியாக நடந்து நான் பார்த்ததில்லை. அப்பா போய் நிற்பார். அப்பாவுக்கு வேலை இருந்தால் அம்மா. பகல் நேரமாக இருந்து இருவருக்கும் முடியாவிட்டால், பத்து வயதான நான். என்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஒருத்தியைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு எனக்குப் பெருமையாக இருந்தது. அதில் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கம்ப்யூட்டரை சுங்குவார்சத்திரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது சித்தி வாங்கினாள். பாப்பா படிக்க என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா நம்பி, மானிட்டரின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தாள். படிப்புக்கு உதவும் எதுவும் அதில் இல்லை. முந்தைய சொந்தக்காரர் அழிக்க மறந்துபோன ஒரு விளையாட்டு மட்டும் இருந்தது.

ஒரே ஒரு ஆள் ஆடும் விளையாட்டு அது. இரும்புத் தொப்பியில் முகம் முழுக்க மறைந்த ஒரு வீரன், கையில் ஒரு குச்சி, சுற்றிலும் ஒரு கொல்லை. கொல்லையில் நரிகள் வரும். கொல்லை முடியும் இடத்தில் ஆறு, ஆற்றின் மேல் மரப்பாலம், பாலத்தின் நடுவில் ஒரு கரடி. அக்கரையில்தான் நாடு தொடங்குகிறது: காடு, மலை, ஏரி, கடைசியில் கோட்டை, கோட்டைக்குள் பொல்லாத ராஜா. கரடியைத் தாண்டினால்தான் எல்லாம்.

ஆட்டத்தைச் சேமித்து வைக்க அதில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. ஆகவே தனி ஆள் ஆடும் அந்த விளையாட்டை நானும் சித்தியும் ஷிப்ட் போட்டு ஆடினோம். அவள் ராத்திரி ஷிப்ட் போகும் வாரங்களில், மதியம் தூங்கி எழுந்ததும் அவள் நேரம். நான் பள்ளிவிட்டு வந்ததும் என் நேரம். நான் தோளில் பையோடு வாசலில் நிற்கும்போதே அவள் எழுந்து, துப்பட்டாவால் நாற்காலியை ஒரு தட்டுத் தட்டி, லைனில் ஷிப்ட் மாற்றும்போது சொல்வதை அப்படியே சொல்வாள்.

"லைன் ஓகே. மெஷின் ஓகே. பெண்டிங் ஒண்ணும் இல்ல."

நான் உட்காருவேன். எங்களுக்குள் ஒரே ஒரு தகராறுதான். சித்தி அந்த வீரனை 'அவ' என்பாள். அவன் என்று நான் திருத்துவேன். முகம் தெரியலையே, நீ இன்னா பாத்தியா என்பாள். மறுநாளும் 'அவ'தான்.

கரடி என்னைக் கொன்ற கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தினமும் கொன்றது. ஆனால் தினமும் வேறு இடத்தில் கொன்றது. முதலில் பாலத்தில் கால் வைத்ததுமே. பிறகு அது வலது கையை ஓங்கினால் இடதுபுறம் ஒதுங்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். பிறகு அது உறுமினால் அடிக்கப் போவதில்லை, உறுமாமல் தலை குனிந்தால்தான் ஆபத்து என்பதை. பள்ளிக்கு நடக்கும்போது உறுமல், குனிதல், ஒதுங்கல் என்று சொல்லிக்கொண்டே நடப்பேன். கரண்டு போய் ஆட்டம் அணைந்தால் மட்டும் அழுவேன். கரடி கொன்றால் அழுததில்லை.

சித்திக்குக் கரடி ஒத்துவரவில்லை. திருகு முடுக்கிப் பழகிய கை, ஒரே வேலையைத் திருப்பித் திருப்பிச் செய்வதில் யாரும் அவளை நெருங்க முடியாது. கரடியோ ஒரே அடியை அடுத்தடுத்து இரண்டு முறை அடிக்காது. அது எழுந்து நின்றாலே அவள் மவுசை விட்டுவிட்டு நாற்காலியோடு பின்னால் நகர்வாள்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. தேர்வு முடியும்வரை கம்ப்யூட்டர் பக்கம் திரும்பக் கூடாது என்று அம்மா என்னிடம் சொன்னாள். சித்திக்கு அந்தத் தடை இல்லை. நான் கூடத்தில் சமூக அறிவியல் மனப்பாடம் செய்வேன். உள்ளறையில் மவுஸ் சொடுக்கும் சத்தம் ஒரே சீராகக் கேட்கும். சித்தி கொல்லையில் நரி அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நரிக்கும் வீரனின் பலம் துளி கூடும். கரடியிடம் செத்துப்போகும் அவசரத்தில் அதில் எனக்கு நாட்டம் இருந்ததில்லை. சித்தி தூக்கத்தைப் பாதியாக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தூங்கேன்டி, ராத்திரி போய் நிக்கணுமே என்று அம்மா சத்தம் போட்டாள்.

"இதுல இன்னாக்கா கஷ்டம். நரி வந்தா தட்டு, வந்தா தட்டு. நரிய செக் பண்ண கியூ.சி. கெடையாது, ரிஜெக்டும் கெடையாது."

தேர்வு முடிந்த அன்று அவள் என்னை உட்காரவைத்தாள். வீரன் அதே கொல்லையில்தான் நின்றான். ஆனால் பலத்தைக் காட்டும் கோடு முழுக்க நிரம்பி, அதற்கு மேல் ஏற இடமில்லாமல் நின்றது. சித்தி பாலத்தில் கால் வைக்கவே இல்லை. கரடியை எனக்காக விட்டுவைத்திருந்தாள். பெண்டிங் ஒண்ணும் இல்ல என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, என் முகத்தையே பார்த்தபடி பக்கத்தில் நின்றாள்.

ஒரே அடி. கரடி ஆற்றில் விழுந்தது.

நான் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு வந்து பார்த்தாள். அந்த மாலை முழுவதும் குதித்துக்கொண்டே ஆடினேன். காட்டில் ஓநாய்கள், ஒரே அடி. மலையில் பூதம், ஒரே அடி. இரண்டாம் நாள் கோட்டைக்குப் போனேன். ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்து நீண்ட வசனம் ஒன்றைத் தொடங்கினான். அவன் வாயை மூடுவதற்குள் அவன் கதையை முடித்துவிட்டேன். திரையில் பூ கொட்டியது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கு நடக்கும்போது சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

வாரக் கடைசியில் சித்தியிடம் கேட்டேவிட்டேன்.

"உன்ன யாரு நரி அடிக்கச் சொன்னது?"

சித்திக்குப் புரியவில்லை. "உனக்காகத்தானடி பண்ணேன். முன் ஷிப்ட்காரிங்க நம்ம டார்கெட்டயும் சேர்த்து முடிச்சி வெச்சிட்டுப் போனா எப்டி இருக்கும் தெரியுமா? அன்னிக்கு பாத்ரூம் போலாம். தண்ணி குடிக்கலாம். சூபர்வைசர் பின்னால வந்து நிக்க மாட்டான். அப்டி ஒரு நாள் வராதான்னு நாங்கள்லாம் ஏங்கிகினு கீறோம்."

கஷ்டமாக இருந்தால்தான் ஜாலி என்றேன்.

"அப்போ எங்க லைனுக்கு வாடி. ஒரே ஜாலியா கீது."

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சித்தி சமாதானமாக என் தலையைக் கோதினாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

சித்தி தொட்டாள். ராஜா செத்த பிறகும் அந்த விளையாட்டு மூடிக்கொள்ளவில்லை. வீரன் அந்த நாட்டில் தன் போக்கில் சுற்றலாம். சித்தி தினமும் சுற்றினாள். நான் பள்ளிவிட்டு வரும்போது வீரன் காட்டு வழியில் நடந்துகொண்டிருப்பான், அல்லது ஏரிக்கரை மேல். எங்கே போனாய் என்று கேட்டால், ஏரிய ஒரு சுத்து சுத்திட்டு மல வழியா வந்தேன் என்பாள். யாரையாவது அடித்தாயா என்றால் சிரிப்பாள்.

"எதுக்கு அடிக்கணும்? அவளப் பாத்தாலே ஓடுதுங்க."

உண்மைதான். அத்தனை பலமான ஆளைக் கண்டால் ஓநாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு புதருக்குள் போய்விடும். எதிரியும் இல்லாமல், பாயிண்டும் ஏறாமல் ஒருத்தி நாள்தோறும் நடப்பதை நான் நேர விரயம் என்று எடுத்துக்கொண்டேன்.

மழை ஓய்ந்த சமயம் அது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிக் கிடப்பதாக லைனில் பெண்கள் சொன்னார்களாம். தன் வார விடுமுறையில் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள் சித்தி. யாருடன் என்று அம்மா கேட்டாள். தனியாத்தான், பஸ்ல போய் பாத்துட்டு பஸ்ல வந்துடுவேன் என்றாள். அம்மா திட்டவில்லை. அவருக்கு லீவு வரட்டும், எல்லாருமா போலாம் என்றாள். அப்பாவின் விடுமுறையும் சித்தியின் விடுமுறையும் ஒரே நாளில் வரவே இல்லை.

முழுப் பரீட்சை விடுமுறை தொடங்கியது. எனக்குக் குச்சி, பலம் ஏறாத அந்தப் பழைய தொடக்கம், திரும்ப வேண்டியிருந்தது. காரணங்களை வரிசையாக எடுத்து வைத்தேன். ஒன்று, இந்த ஆட்டத்தில் செய்ய எதுவும் மிச்சமில்லை. இரண்டு, கரடியின் எல்லா அசைவும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூன்று, சேமிக்க ஒரே இடம்தான் இருப்பதால் பழையதை அழித்தால்தான் புதியது தொடங்கும்.

"அவ பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டுமே. வேற எடமே இல்லியா?" என்றாள் சித்தி.

இல்லை என்று மறுபடி விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன்.

சித்தி ஒரு நிமிடம் இரு என்று சொல்லி மவுசை வாங்கிக்கொண்டாள். வீரனை ஏரிக்கரை மேல் ஏற்றி, ஒரு முழுச் சுற்று நடக்கவிட்டாள். அவசரமே படவில்லை. பிறகு வெளியே வந்து, பழைய ஆட்டம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டபோது, என்னை அழுத்தவிடாமல் தானே அழுத்தினாள். எழுந்து நாற்காலியைத் தட்டினாள்.

"லைன் ஓகே. மெஷின் ஓகே. பெண்டிங் ஒண்ணும் இல்ல."

கொல்லையில் குச்சியோடு வீரன் நின்றான். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: இனி சித்தி நரியைத் தொடக் கூடாது. சரி என்றாள். ஒரு நரியையும் தொடவில்லை.

பள்ளி திறப்பதற்கு முன் கரடியைக் குச்சியாலேயே வென்றேன். உறுமியது, நின்றேன். குனிந்தது, ஒதுங்கினேன். அது ஆற்றில் விழுந்தபோது நான் கத்தவில்லை. கத்தியது சித்தி. தூங்கி எழுந்த கோலத்தில் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றியதில் மானிட்டர் மேலிருந்த துணி கீழே விழுந்தது.

இப்போது நான் ஒரகடத்தில் வாகன உதிரிப் பாகங்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு பாகம் எங்கே உடைகிறது என்று தெரியும்வரை அதைத் திரும்பத் திரும்ப உடைப்பது. எனக்கு அது சலிப்பதில்லை. சித்தி திருப்பிக் கொடுத்த குச்சிதான் அது என்று நினைத்துக்கொள்வேன். கேன்டீனில் என்னோடு சாப்பிடும் பையன்கள், தொடக்கத்திலேயே பலசாலி ஆகிவிட்டால் விளையாட்டு கெட்டுப்போகுமா என்று அடிக்கடி அடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கெட்டது. சித்திக்கு அங்கேதான் தொடங்கியது. இரண்டையும் சொன்னால் நான் நழுவுகிறேன் என்கிறார்கள்.

வேலை முடிந்து என் வண்டியில் நானே வருகிறேன். முனையில் யாரும் வந்து நிற்பதில்லை. சித்தி கல்யாணமாகி வாலாஜாபாத்தில் இருக்கிறாள். சென்ற மழைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஏரிக்கு அழைத்துப் போனேன். நான் வண்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, கரை மேல் தனியாக நடந்து போனாள். வெகு தூரம் போனாள்.

கரடியை வெல்வதற்குச் சில நாட்கள் முன்பு நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. வெளியே விளையாடிவிட்டு உள்ளே வந்தேன். சித்தியின் நேரம் அது. மவுஸ் சத்தம் கேட்கவில்லை. வீரன் கரடிக்கு எட்டாத தூரத்தில், பாலத்தின் இந்த முனையில், குச்சியோடு அக்கரையைப் பார்த்தபடி நின்றிருந்தான். சித்தி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். ஏன் ஆடாமல் சும்மா இருக்கிறாய் என்று கேட்டேன்.

"பஸ்ஸுக்கு நிக்கறாடி அவ."

அவ இல்லை, அவன் என்றேன். அந்த ஊருக்குப் பஸ்ஸே கிடையாது என்றும் சொன்னேன்.