கடைசியாகக் கண்ட நாள்

மருத்துவர்கள் என்னிடம் வருவது பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான். ஆய்வை நடத்தி, எண்களைச் சேர்த்து, முடிவையும் மனதுக்குள் எழுதிவிட்டு, "இதற்கு எந்தச் சோதனை பொருந்தும்?" என்று கேட்பார்கள். செருப்பை வாங்கிவிட்டுக் காலை அளக்க வருகிறவர்கள். புலம்பெயர்ந்து குடியேறிய ஹோர்சன்ஸ் நகரிலிருந்து ரயிலில் போய், ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலை இதுதான். எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: உங்கள் தரவு என்ன வகை? ஆம், இல்லை என்பதா? லேசு, கடுமை என்று வரிசைப்படுத்தியதா? அளந்த எண்ணா? அது தெரிந்தால் பாதிச் சோதனைகள் தாமே கழிந்துவிடும்.

ஊரில் போர் முடிந்த அந்த மே மாதம், இளம் மருத்துவர் ஒருவர் இதய நோயாளிகளின் தரவோடு வந்தார். இறந்தவர்களுக்கு ஒன்று, உயிரோடிருப்பவர்களுக்குப் பூச்சியம் என்று போட்டு, ஆம், இல்லைத் தரவுக்கான கை-வர்க்க (chi-square) சோதனையும் செய்து முடித்திருந்தார்.

"இந்தப் பூச்சியங்கள் எல்லாம் உயிரோடு இருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

"சிலர் வெளிநாடு போய்விட்டார்கள். தகவல் இல்லை."

"அப்படியானால் அவர்கள் கடைசியாகக் கண்ட நாள்வரை உயிரோடு இருந்தவர்கள். அதற்கு மேல் உங்களுக்கு ஒன்றும் தெரியாது."

இது ஆம், இல்லை அல்ல, காலத் தரவு. உயிர்வாழ்வுக் கோட்டை வரைந்து காட்டினேன். ஒருவர் இறந்தால் கோடு ஒரு படி இறங்கும். தகவல் அற்றுப்போனவருக்கு இறங்காது. கோட்டின்மேல் ஒரு சிறு கீறு மட்டும் விழும்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது, முதியோர் இல்லத்து வேலை உடுப்போடு மனைவி தொலைபேசியில் நின்றாள். வன்னியில் இருந்த அவளுடைய ஒரே தம்பி கடைசியாகத் தொலைபேசி எடுத்தது ஏப்ரலில். "கரைப் பக்கம் போறம் அக்கா, பிறகு எடுக்கிறன்." முகாம்களில் விசாரித்தவர்கள் எவரும் அவனைக் காணவில்லை. அவனுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கத் தமிழ்ச் சுவாமியை, எங்கள் கத்தோலிக்கக் குருவை, தொலைபேசியில் அழைத்திருந்தாள்.

"இருந்தாலும் இல்லாட்டிலும், ரெண்டுக்கும் பொதுவா ஒண்டு வைக்கேலாதோ, சுவாமி?"

"அப்பிடியொரு பூசை இல்லைப் பிள்ளை. சுகமா வரவேணுமெண்டால் அது வேற, இறந்தவைக்கு வைக்கிற ஆன்ம இளைப்பாற்றியெண்டால் வேற. யோசிச்சுச் சொல்லுங்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்கட கணக்கிலை எண்டாலும் அவனுக்கொரு இடம் இருக்கோ?"

பத்திரிகை ஓரத்தில் கோட்டை வரைந்தேன். கீறையும் போட்டேன்.

"அப்ப கோடு விழாது?"

"விழாது."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் என்னோடு வாழ்ந்து பழகியவள். "உங்கட முறையள் எல்லாத்துக்கும் ஒரு நிபந்தனை சொல்லுவியளே. இதுக்கு இல்லையோ?"

"இருக்கு. ஆளின்ரை தகவல் அற்றுப்போன காரணத்துக்கும் சாவுக்கும் தொடர்பிருக்கக் கூடாது."

"இருந்தால்?"

"முறை பிழைச்சுப்போம்."

"ஷெல்லடிக்குள்ளை காணாமப் போனவைக்கு?"

பேனாவை மூடி வைத்தேன்.

"கெட்டிக்காரன்தான் நீங்கள்," என்றாள். "சும்மா ஓம், இடமிருக்கு எண்டு சொல்லியிருக்கலாம்."

மறுபடி சுவாமியை அழைத்தாள். "இளைப்பாற்றிக்கு வையுங்கோ." ஆண்டுப் பூசைக்கு இறந்த திகதி வேண்டும் என்றார் அவர். அவள் என் பக்கம் திரும்பவில்லை. தம்பி கடைசியாக எடுத்த நாளைச் சொன்னாள்.

கடைசியாகக் கண்ட நாளையே இறந்த நாளாகப் பதிவது கற்றுக்குட்டிகள் செய்யும் பிழை. அதற்காகவே எத்தனையோ ஆய்வுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த ஞாயிறு கோவிலில் இறந்தவர்களோடு மச்சானின் பெயரும் வாசிக்கப்பட்டது. அவள் முழங்காலில் நின்றாள், பக்கத்தில் நானும். ஒவ்வொரு ஏப்ரலும் நிற்கிறோம். பிழையென்று தெரியும். திருத்துவதற்கு வேறு நாள் என்னிடம் இல்லை.